மூட மறுத்த அட்டை

கேக் மாஸ்டர் செய்த வாழ்த்து அட்டையில் ஒரே ஒரு குறைதான். அது மூடாது.

பசையில் வண்ணத்தைக் குழைத்து, கேக்குக்கு எழுதும் கோனில் நிரப்பி, எழுத்துகளைத் தாராளமாகப் பிழிந்திருந்தார். காய்ந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் அட்டை வாயைப் பிளந்துகொண்டே நின்றது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், தன் மனைவியின் அக்கா நடத்தும் திரைச்சீலைக் கடையின் ஷட்டர் இடுக்கில் செருகினார். பிறகு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பேக்கரிக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். போன வாரம் அவரை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம். அக்கா தங்கை இருவர். பெரியவளுக்குத் திரைச்சீலைக் கடை. சின்னவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துபவள், மாஸ்டரின் மனைவி. அம்மா காய்ச்சலில் இறந்த அன்று, ஆஸ்பத்திரி நடையில், சொந்தபந்தம் அத்தனை பேரும் கேட்க, பெரியவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "இவ ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க."

அதோடு பேச்சு நின்றது. ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இன்றைக்குப் பெரியவளுக்குப் பிறந்தநாள். மாஸ்டர் செருகிவிட்டு வந்த அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'அக்கா, மன்னிச்சிடு. குட்டி.' குட்டி என்பது சின்னவள். அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை.

மாஸ்டரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் பக்கத்தையும் கேட்டுவிடலாம். அந்த அக்கா தங்கை வளர்ந்த வீட்டில் கடையில் வாங்கிய வாழ்த்து அட்டைக்கு இடமே இல்லை. "எவனோ எழுதி அச்சடிச்சதுக்கு நான் எதுக்கு அழணும்?" என்பாள் அவர்கள் அம்மா. சோப்பு டப்பாவோ மருந்துப் பெட்டியோ, பிரித்து, உள்பக்கத்து வெள்ளையில் கையால் செய்ய வேண்டும். அட்டை வந்தால் பொழுது சாய்வதற்குள் பதில் அட்டை செய்து, நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும். ஆறிப்போனால் அது பதில் இல்லை, வெறும் மரியாதை. இதுவும் அம்மா சொன்னதுதான்.

அக்காவின் பிறந்தநாள் நெருங்க நெருங்க, சின்னவள் காலி மருந்துப் பெட்டிகளைக் குப்பையில் போடாமல் எடுத்து வைப்பதை மாஸ்டர் பார்த்தார். எடுத்து வைப்பாள். இரண்டு நாள் கழித்து, ஏதோ அது தப்புச் செய்த மாதிரி, கசக்கி எறிவாள். ஆசை இருக்கிறது, கை வரவில்லை என்று மாஸ்டர் முடிவுகட்டினார். கை வராதவர்களுக்குக் கை கொடுப்பதுதானே அவர் தொழில்!

நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள்தான் நம்மைச் சமயத்தில் நடுத்தெருவில் நிறுத்துகிறார்கள்.

*

பேக்கரியில் அன்றைய முதல் ஆர்டர் ஓர் இளைஞனுடையது.

"'சாரி செல்லம்'னு போடுங்க மாஸ்டர். கீழ என் பேரு."

"என்னப்பா சண்டை?"

"தெரியல மாஸ்டர். அவ கோவமா இருக்கா."

"எதுக்குன்னே தெரியாம மன்னிப்பா?"

"கேக்குதானே மாஸ்டர்!"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கோனை எடுத்தார். நாள் முழுக்க அவர் கை அடுத்தவர் வார்த்தையைத்தான் எழுதுகிறது. அடுத்தவர் காதல், அடுத்தவர் வாழ்த்து, அடுத்தவர் மன்னிப்பு. யார் பெயரை யார் எழுதினால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரி என்பதுதான் இத்தனை வருஷத்தில் அவர் கற்றது. ஆனால் 'சாரி' வரைக்கும் ஓடிய கை, ஏனோ அங்கே நின்றது.

அதே நேரம் பார்த்து போன் அடித்தது. அண்ணி. இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"தம்பி..." பெரியவளின் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்றே தெரியவில்லை. "அவ வீட்டுக்கு எப்ப வருவா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று மாஸ்டருக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"சாயங்காலம் வந்துருவா அண்ணி."

"நான் பதில் செய்யணும் தம்பி. செஞ்சு எடுத்துட்டு வரேன். நீங்க போன் பண்ணி அவகிட்ட உடைச்சிடாதீங்க, கேட்டீங்களா?"

"அண்ணி, அது வந்து..."

"எழுத்து உங்களுதுன்னு தெரியும். கோன் எழுத்து தெரியாதா எனக்கு? அவளுக்கு எதையும் நேரா ஒட்டவே வராதே! உங்களப் பிடிச்சு எழுத வெச்சிருக்கா. ஆனா மன்னிப்புக் கேக்கணும்னு அவளுக்குத் தோணிச்சு பாருங்க, அது போதும் எனக்கு."

போன் அணைந்தது. இளைஞன் கேக்கை எட்டிப் பார்த்தான்.

"மாஸ்டர், 'சாரி அண்ணி'ன்னு போட்டிருக்கீங்க."

*

பெரியவள் அன்று கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்தாள். வெட்டுமேஜையின்மேல் அந்த அட்டை வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவள் அதைப் படிக்கவில்லை, தடவிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் குட்டி செய்யும் அட்டை எதுவும் நேராக இருந்ததில்லை. பூ ஒரு பக்கம் சாயும், பெயர் இடம் போதாமல் பின்பக்கம் போகும், பசை படிந்த கட்டைவிரல் ரேகை நடுவில் பதிந்திருக்கும். அந்த ரேகையைத்தான் பெரியவள் முதலில் தேடுவாள். நம்மையே நினைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி எது? கடை அட்டையில் அழகு இருக்கும். அந்த மத்தியானம் இருக்காது.

இந்த அட்டையில் ரேகை இல்லை. பெரியவள் அதைக் கவனித்தாளோ இல்லையோ, கவனிக்க விரும்பவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். ஊருக்கே ஜன்னல் ஜன்னலாகத் திரை வெட்டிக் கொடுத்தவளுக்கு அன்று ஒரு சாண் துணி நேராக வரவில்லை. மூன்று துண்டைப் பாழாக்கினாள். நான்காவதை மடியில் வைத்துக்கொண்டு, "என்னத்தடி எழுதுவேன்?" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மன்னிச்சிட்டேன் என்று எழுத அவளால் முடியாது. ஏன் முடியாது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

*

மத்தியானம் பரிசோதனைக் கூடத்தில் கூட்டம். சின்னவள் தலைநிமிராமல், "அடுத்து," என்றாள். நாற்காலியில் ஆள் உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் ரப்பர் குழாயைக் கையில் கட்டி, நரம்பைத் தட்டிய பிறகுதான், அந்தக் கையில் நீல வண்ணம் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

"நீங்களா! உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் சொல்லணும்."

"அதுக்கு டோக்கன் வாங்கிட்டு வந்தீங்களா? வீட்ல சொல்ல வாய் இல்லையா?"

"வீட்டுக்கு நாம போறதுக்குள்ள உங்க அக்கா வந்துருவாங்கம்மா."

கட்டிய கையோடு, ஊசிக்கு எதிரில், மாஸ்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். உண்மை பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. பின்னால் வரிசையில் இருந்த பெரியவர், "வீட்டுக்காரராம்மா? பாத்து மெதுவா குத்தும்மா," என்றார்.

சின்னவள் குத்தவில்லை. ரப்பரை அவிழ்த்தாள்.

"என் பேர்ல மன்னிப்புக் கேட்டீங்களா?"

"நீ பெட்டிய எடுத்து எடுத்து வெச்சியேம்மா. உனக்கு மனசு இருக்கு, வாய் வரலன்னு..."

"நான் எடுத்து வெச்சது பிறந்தநாளுக்கு. மன்னிப்புக்கு இல்ல." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மாஸ்டர் கொஞ்சம் நிம்மதி அடைந்திருப்பார். "கேக்குல எழுதற மாதிரி எழுதிட்டீங்க. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சீங்களா? 'ஆமாக்கா, நீ சொன்னது நிஜம், அம்மா என்னாலதான் போனாங்க'. இதான் அர்த்தம். நான் செய்யாத கொலைய எனக்காக நீங்க ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

மாஸ்டரின் முகத்தில் ரத்தம் இல்லை. ஊசி போட்டிருந்தால் ஒரு சொட்டு வந்திருக்காது.

"எனக்கு அது தோணவே இல்லம்மா. சத்தியமா தோணல."

"அக்கா வரட்டும். வாசல்ல வெச்சே சொல்லிடறேன், அது நான் அனுப்பினதில்லன்னு. நீங்க எழுந்திருங்க, ஆளுங்க நிக்கறாங்க."

அடுத்த ஆளுக்கு அவள் மெதுவாகத்தான் குத்தினாள். அவள் குத்தினால் வலிக்காது என்று பெயர். ஆனால் அன்று அவள் கைக்குள் வேறொரு நாள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் காய்ச்சல்தாம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று சொன்ன நாள். தினமும் எத்தனை காய்ச்சலைப் பார்க்கிறவள்! அன்று ஏன் தெரியவில்லை?

அக்கா சொன்ன வார்த்தை அவளுக்குப் புதிது இல்லை. அக்காவுக்கு முன்னாலேயே தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. அதனால்தான் அதை அக்கா வாயிலிருந்து கேட்க முடியவில்லை. அதனால்தான் 'மன்னிச்சிடு' என்ற வார்த்தை அவளை இப்படி நடுங்க வைத்தது. ஒருவேளை அது உண்மையாகவே இருந்துவிட்டால்?

*

சாயங்காலம் சின்னவள் வீட்டுக் கூடத்து நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் சமையலறையில், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சின்னவள் திறந்தாள். சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

ஆனால் அக்கா இளைத்திருந்தாள். அது அவள் கணக்கில் இல்லை.

"உள்ள வரலாமா?" என்று பெரியவள் கேட்டாள். கூடப் பிறந்தவள் அப்படிக் கேட்டது சின்னவளை என்னவோ செய்தது. விலகி வழிவிட்டாள்.

பெரியவள் உட்காரவில்லை. பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மருந்துப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, அதற்குக் குட்டியாக இரண்டு திரை தைத்து, ஓரத்தில் இழுக்க ஒரு நூல் விட்டிருந்தாள். விளிம்பு கோணல்மாணல். அக்காவின் கையா இது என்று சின்னவள் ஒரு கணம் நினைத்தாள்.

"இழு."

"அக்கா, முதல்ல நான் சொல்றதக் கேளு. அந்த அட்டை..."

"முதல்ல நீ இழு குட்டி. இத நான் வாயால ஆரம்பிக்க முடியாது."

நூலை இழுத்தாள். திரை இரண்டு பக்கமும் விலகியது. உள்ளே ஒரே வரி: 'குட்டி, நான் சொன்னது பொய்.'

"எது பொய்?"

"ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்கன்னு சொன்னது. சொல்லும்போது எனக்குத் தெரியாது. பின்னாடி தெரிஞ்சுது. அம்மாவோட ரிப்போர்ட் வாங்கப் போனப்ப டாக்டரப் பாத்தேன். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்னு சொன்னாரு. காய்ச்சல் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே உள்ள எல்லாம் முடிஞ்சிருச்சாம். நீ ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. யாரும் செஞ்சிருக்க முடியாது."

சின்னவள் அந்த ஒரே வரியை மறுபடி படித்தாள்.

"எப்பச் சொன்னாரு?"

பெரியவள் பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"எப்பக்கா?"

"அம்மா போன மறுவாரம்."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மறுவாரமேவா? அப்ப இத்தனை மாசமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன்க்கா. காய்ச்சல்காரங்க ஒவ்வொருத்தரும் உக்காரும்போதும் செத்தேன். உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீ சொல்லல."

"ஆஸ்பத்திரில அம்மா படுத்திருந்த மூணு வாரமும் நான் எட்டிக்கூடப் பாக்கல. உன்மேல பழி இருக்கற வரைக்கும் யாரும் என்னக் கேக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன். நல்லவ மாதிரி நடமாடிட்டேன்டி." பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்குக் காலைல, தப்பே செய்யாத நீ மன்னிச்சிடுன்னு எழுதினதப் பாத்ததும் என்னால நிக்க முடியல. நீயா கேக்கறது? நான்ல உன் கால்ல விழணும்!"

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அட்டை வந்த வழி எதுவாக இருந்தால் என்ன, நல்லது நடந்துவிட்டது, வாயை மூடிக்கொள்வோம் என்றுதான் நானாக இருந்தால் நினைப்பேன். சின்னவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு பொய்யின்மேல் இத்தனை மாதம் படுத்துக் கிடந்தவளுக்கு இன்னொரு பொய்யைப் போர்த்திக்கொள்ள முடியவில்லை.

"அந்த அட்டைய நான் அனுப்பலக்கா. எனக்கு மத்தியானம்தான் தெரியும்."

பெரியவள் புரியாமல் பார்த்தாள். மாஸ்டர் ஈரக் கையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

"நான்தான் அண்ணி. எழுதினது மட்டும் இல்ல, எல்லாமே நான்தான். ரெண்டு பேரும் பேசிட்டா போதும்னு நெனச்சேன். அவ பேர எடுத்துப் போட எனக்கு உரிமை இல்லன்னு இப்பத்தான் உறைக்குது. ரெண்டு பேரும் என்ன வேணாச் சொல்லுங்க."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நீ கேக்கவே இல்ல," என்றாள் தங்கையிடம்.

"இல்லக்கா."

"கேக்காமலே நான் சொல்லிட்டேன்." தலையை ஆட்டிக்கொண்டாள். "அதுவும் நல்லதுதான். நீ கேட்டு நான் சொன்னா அதுல என்ன இருக்கு?"

பிறகு பையைத் துழாவி அந்த மூடாத அட்டையை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று மாஸ்டர் நினைத்தார். அவள் அதை அவரிடமே நீட்டினாள்.

"எத்தனை நேரம் உக்காந்தீங்க தம்பி இதுக்கு?"

"நேத்து மத்தியானம் பூரா, அண்ணி. பசை காயவே இல்ல."

"என் பிறந்தநாளுக்கு நீங்க ஒருத்தர் ஒரு மத்தியானம் பூரா என்னயே நினைச்சு உக்காந்திருக்கீங்க. இத நான் திருப்பிக் குடுக்க மாட்டேன். அவ பேர அடிச்சிட்டு உங்க பேரப் போடுங்க."

மாஸ்டர் பேனாவை வாங்கினார். ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரையும் எழுதிய கை அது. தன் பெயரை எழுத வேண்டி வந்ததும் முதல் எழுத்திலேயே தடுமாறியது. அடித்து, மறுபடி எழுதிக் கொடுத்தார். பெரியவள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பையில் வைத்தாள்.

வாசல்வரை போனவளைச் சின்னவள் கூப்பிட்டாள்.

"அக்கா. அந்த மூணு வாரம் ஏன் வரல?"

பெரியவளின் கை கதவில் அப்படியே நின்றது.

"இன்னிக்குச் சொன்னா, மன்னிப்புக்குச் சாக்குச் சொல்ற மாதிரி ஆயிடும். இன்னிக்கு வேணாம் குட்டி."

"இன்னிக்கு என்னால உன்ன மன்னிக்க முடியாதுக்கா. நாளைக்கும் முடியுமான்னு தெரியல. ஆனா நாளைக்கு வா. வந்து சொல்லு."

பெரியவள் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். கதவு மூடியது.

சின்னவள் திரும்பி வந்து, அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மாஸ்டர் பக்கத்தில் வரத் தயங்கி, சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, என் மேல கோவமா?"

"ஆமா. இருக்கும், கொஞ்ச நாளைக்கு." அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எதுவும் செய்யலீங்க. நான் கூட்டிட்டுப் போயிருந்தாலும்..."

முடிக்க முடியவில்லை. அழுகை வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். குற்றவாளி எப்படி ஊர் பார்க்க அழுவாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"அம்மா," என்றாள். "அம்மா... அம்மா..."

அம்மா இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.